தேதி போடாத சட்டம்

நான் எழுதுவதை மனிதர்கள் படிப்பதில்லை. இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், எழுதுகிற வேலை என்பேன். கதையா, பத்திரிகையா என்பார்கள். ஏஜெண்டுகளுக்கு விளக்கம் எழுதுகிறேன் என்றால் இன்சூரன்ஸ் ஏஜெண்டா என்று கேட்பார்கள். அதற்கப்புறம் பேச்சு பிரியாணிக்குப் போய்விடும். போகட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எங்கள் அலுவலகம் மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துச் செனாயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. விமானம் தாழ்வாக இறங்கும்போது கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பவர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். நாங்கள் செய்வது ஒரு டூல். நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாக்கள், நிறைவேறிய சட்டங்கள், அவற்றின் திருத்தங்கள், மாநிலச் சட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, கேட்டால் எடுத்துக் கொடுக்கும். கேட்பது நீங்களும் நானும் இல்லை, செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டுகள். நீங்கள் கைப்பேசியில் ஒரு சட்டத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதில் இருக்கும் ஏஜெண்ட் எங்கள் டூலிடம் வந்து கேட்கிறது. டூல் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போய் உங்களுக்குப் பதில் சொல்கிறது. டூலை எப்படிக் கேட்க வேண்டும், கிடைத்ததை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அந்த ஏஜெண்டுக்குச் சொல்லும் விளக்கக் குறிப்பை எழுதுவதுதான் என் வேலை. ஒவ்வொரு முறையும் அது என் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் டூலைத் தொடும். என் எழுத்தை இவ்வளவு ஒழுங்காகப் படித்தவர் வேறு யாரும் கிடையாது.

இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவைப்படவில்லை. ஒருவரைக் கடைக்கு அனுப்புவது மாதிரிதான் இது. எங்கள் வீட்டில் கடைக்கு அனுப்பும்போதெல்லாம் அம்மா கடைசியில் ஒன்று சொல்லி அனுப்புவாள். "இல்லன்னா இல்லன்னு வந்து சொல்லு. அவன் குடுக்கறத வாங்கிட்டு வராத." என் தங்கை ஒரு தடவை வெந்தயம் வாங்கப் போனாள். கடையில் வெந்தயம் தீர்ந்துபோயிருந்தது. வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டுக் கடுகு வாங்கி வந்துவிட்டாள். அன்றைக்கு அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. ஏஜெண்டும் அவளை மாதிரிதான். வெறுங்கையோடு திரும்ப அதற்குக் கூச்சம்.

நம் ஆட்களையும் சும்மா சொல்லக் கூடாது. சிம்பாங் ரெங்கம் என்கிற ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தைத் தேடி நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள். ஒருவர்கூடத் தெரியாது என்று சொல்லவில்லை. கேட்டவரை வெறுமனே அனுப்புவது மரியாதை இல்லை என்று நினைக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடித்து, மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்வதுதான் சில சமயம் பெரிய மரியாதை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறும், மேலவையில் நிறைவேறும், மாமன்னர் ஒப்புதல் தருவார், அரசிதழில் வெளிவரும். அத்தோடு வேலை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. பல சட்டங்களின் முதல் பிரிவிலேயே, அமைச்சர் குறிப்பிடும் தேதியில் இது அமலுக்கு வரும் என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தேதி அடுத்த மாதமே வரலாம். வருடக்கணக்கில் வராமலும் இருக்கலாம். தேதி போடும் வரைக்கும் அது அச்சடித்த காகிதம்தான். எங்கள் டாமான் குடியிருப்பில் இருக்கிற கோப்பிக்கடையிலோ, டிவியில் அறிவிப்பு வந்த அன்றைக்கே சட்டம் வந்தாச்சு என்று பேசத் தொடங்கிவிடுவார்கள்.

எங்கள் டூல் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தேதி கொடுக்கும். கடைசித் தேதி, அமலுக்கு வந்த தேதி. பல சட்டங்களுக்கு அந்த இடம் காலியாக வரும். நான் சோதித்துப் பார்த்தபோது, காலியாக வந்தால் ஏஜெண்ட் அரசிதழ்த் தேதியை எடுத்து அந்த இடத்தில் போட்டு, இந்தச் சட்டம் இந்தத் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது என்று அழகாகச் சொன்னது. வெந்தயம் கேட்டால் கடுகு. எனக்கு ஒரே கடுப்பு.

குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன். குறிப்பை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம், இங்கே தமிழில் சொல்கிறேன். 'அமலுக்கு வந்த தேதி காலியாக இருந்தால் அந்தச் சட்டம் இன்னும் அமலில் இல்லை. வேறு தேதியை அதன் இடத்தில் போடாதே. இதைப் பதிலின் முதல் வாக்கியத்திலேயே சொல்.' அவ்வளவுதான். மறுநாள் பார்த்தால் வரியைக் காணோம்.

எடுத்தவர் எங்கள் மேனேஜர். ஜோகூர் பாருவிலிருந்து தினமும் காரில் வருகிற தமிழர், என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். நான் அவரைத் தம்பி என்பேன். கோபம் வந்தால் மட்டும் பாஸ் என்பேன். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கு மேலே இருப்பவர்கள் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு, டூல் வேகமாக இருக்க வேண்டும், குறிப்பு சின்னதாக இருக்க வேண்டும், பதில் உறுதியாக இருக்க வேண்டும் என்று அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குறிப்பு நீண்டால் ஒவ்வொரு கேள்விக்கும் செலவு ஏறும் என்றார். அந்த வரி இருக்கும்போது பாதிப் பதில்கள் 'அமலில் இல்லை' என்றே தொடங்குகின்றன, வாங்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றார். நான் வரியைத் திரும்பப் போட்டேன். அவர் திரும்ப எடுத்தார். இப்படியே நாங்கள் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

அந்த வாரம்தான் தங்கை கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவளும் நான் இருக்கிற கூலாய் ஊரில்தான் இருக்கிறாள், எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி. செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். அவள் வீட்டுக்காரர் விடிவதற்கு முன்னாலேயே மோட்டாரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அப்போது அவள் கர்ப்பமாக இருந்தாள், வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கிய சமயம். அதற்கு முன்னால் ஒன்று தங்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டோம். ஆனால் அவள் மாடிப்படியில் கால் வைத்தால்கூட நாங்கள் யாராவது ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வோம். அப்படிப்பட்டவளுக்கு ராத்திரி ஷிப்ட் போட்டிருந்தார்கள், விடிய விடிய நின்றுகொண்டே பார்க்கிற வேலை.

வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, சட்டம் வந்துருச்சு," என்றாள்.

பெண் தொழிலாளர்களுக்கு உதவுகிற ஒரு சங்கம் கைப்பேசியில் ஓர் ஏஜெண்ட் வைத்திருந்தது. தமிழிலும் மலாயிலும் கேட்கலாம். இவள் கேட்டிருக்கிறாள். கர்ப்பிணி ராத்திரி ஷிப்ட் வேண்டாம் என்று சொன்னால் முதலாளி கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு திருத்தம் இருக்கிறது, அமலில் இருக்கிறது, இன்ன தேதியிலிருந்து என்று பதில் வந்திருக்கிறது. எந்தச் சட்டம், எந்தத் திருத்தம் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்களும் தேடிப் பார்த்துவிட்டு வந்தாச்சு என்பீர்கள்.

அந்தத் தேதியை நான் இரண்டு தடவை படித்தேன். அது அரசிதழ்த் தேதி. அந்தச் சங்கம் எங்கள் டூலைத்தான் சோதனைக்கு எடுத்திருந்தது. அந்த ஏஜெண்ட் என் குறிப்பைத்தான் படித்திருந்தது, என் வரி இல்லாத குறிப்பை.

திங்கட்கிழமையிலிருந்து ராத்திரி ஃபேக்டரி பஸ்ஸில் ஏற மாட்டேன் என்றாள் தங்கை. யாரிடமும் கெஞ்சப் போவதில்லை, சட்டம் இருக்கும்போது எதற்குக் கெஞ்ச வேண்டும் என்றாள். எனக்குத் தெரியும், லீவு இல்லாமல் தொடர்ந்து வராமல் இருந்தால் வேலையை விட்டுப் போனதாக எழுதிவிடுவார்கள். வேலை போனால் பிரசவ லீவும் போகும். சூப்பர்வைசரோ ஏற்கெனவே அவளை வெளியே தள்ளக் காரணம் தேடிக்கொண்டிருந்தான்.

சொல்லிவிட்டேன், சுற்றி வளைக்கவில்லை. இது பொய்ப் பதில், அந்தத் தேதி வேறு தேதி, நிஜத் தேதி இன்னும் போடவில்லை என்றேன். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. என்னைப் பார்த்தாள், கைப்பேசியைப் பார்த்தாள்.

"உங்க டூல்தானே சொல்லுச்சு? நீ எழுதறததானே அது படிக்குது?"

"ஆமா."

"அப்ப ஒழுங்கா எழுத மாட்டியா?"

நான் எழுதிய வரியைத் தூக்கிவிட்டார்கள் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அது என் கூடப் பிறந்தவளுக்குச் சொல்கிற பதிலா? மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு நான் போன வேகத்தில், கீழே டயர் கடைக்காரர் குட் மார்னிங் சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மேனேஜர் அறைக்குள் போய், பாஸ், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள் என்றேன். பாஸ் என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. தங்கை கேட்ட கேள்வியை அப்படியே கேட்கச் சொன்னேன். அதே பதில் வந்தது. படித்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது, தெளிவாக இருக்கிறது என்றார். இந்தத் தெளிவான பதிலை நம்பி என் தங்கை திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் இருக்கப் போகிறாள் என்றேன். அவள் வயிற்றில் இருப்பதையும், முன்னால் தங்காமல் போனதையும் சொன்னேன். அதை வெளியாள் ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. என் குரல் அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் பேசினேன்.

அவர் அந்தப் பதிலை இன்னொரு முறை படித்தார். பிறகு சொன்னது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அது நியாயம்.

"அக்கா, காலியா இருந்தா அமல்ல இல்லன்னு எப்படி எழுதறீங்க? தேதி போட்டிருப்பாங்க, நமக்கு டேட்டா லேட்டா வந்திருக்கும். அப்ப இருக்கற சட்டத்த இல்லன்னு சொல்லிருவோமே. அதுவும் உங்க தங்கச்சி மாதிரி ஒருத்தரத்தானே அடிக்கும்?"

நான் உட்கார்ந்துவிட்டேன். காலி இடம் என்றால் இல்லை என்று பொருள் இல்லை, நமக்குத் தெரியாது என்றுதான் பொருள். சரி, அப்படியே எழுதுவோம் என்றேன். எழுதினால் பதில் எல்லாம் தெரியாது தெரியாது என்று வரும் என்றார்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கா அக்கா நமக்குக் காசு குடுக்கறாங்க?"

"தெரியாதத தெரியும்னு சொல்றதுக்கா குடுக்கறாங்க?"

அப்போது பார்த்து ஒரு விமானம் இறங்கியது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சத்தம் அடங்கியதும் நான் எழுந்து, அவர் மேசையில் இருந்த மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, அங்கேயே நின்றபடி எழுதினேன். 'அமலுக்கு வந்த தேதி காலியாக இருந்தால், எங்களிடம் தேதி இல்லை என்று பொருள். சட்டம் அமலில் இருக்கிறது என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே. தேதி கிடைக்கவில்லை என்றும், இதை நம்பி எதுவும் செய்வதற்கு முன்னால் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்கும்படியும் முதல் வாக்கியத்திலேயே சொல். வேறு தேதியை அதன் இடத்தில் போடாதே.' முதலில் எழுதியதைவிட இது நீளம். இன்னும் செலவு. எழுதி முடித்து, இந்த வரியை இனி யார் எடுத்தாலும் என்னையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கோபத்தில் சொன்னேனா பயத்தில் சொன்னேனா என்று கேட்காதீர்கள், வீட்டுக் கடன் இருக்கிறவளுக்கு இரண்டும்தான்.

வரி நின்றது. அன்று மாலையே தங்கையை அந்தச் சங்கத்து ஏஜெண்டிடம் திரும்பக் கேட்கச் சொன்னேன். திருத்தம் அரசிதழில் வந்திருக்கிறது, ஆனால் அமலுக்கு வரும் தேதி கிடைக்கவில்லை, தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னது. மறுநாள் அவள் போன் போட்டுக் கேட்டாள். மலாய்க்கார அம்மா ஒருவர் பொறுமையாகப் பார்த்து, தேதி இன்னும் போடவில்லை என்றார்.

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் குழம்பைச் சோற்றில் ஊற்றி, பிசைந்து, முழுவதும் சாப்பிட்டாள். சட்டம் அமலில் இல்லை என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே யோசனைதான் வந்தது. அரசாங்க கிளினிக். சட்டம் கையில் இருக்கிறது என்று நினைத்தவரைக்கும் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை கிளினிக் இருக்காது என்பதால் வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டுப் போனாள். அங்கே டாக்டர் அவளுடைய பழைய விவரங்களைப் பார்த்துவிட்டு, ராத்திரி நின்று பார்க்கிற வேலை இவருக்கு உகந்ததில்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதம் என்றால் வேண்டுகோள்தான். கேட்டே ஆக வேண்டும் என்று கம்பெனிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

திங்கட்கிழமை காலையில் அவள் எச்.ஆர். அறைக்குப் போனாள். கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், பல தடவை சொல்ல வைத்துக் கேட்டிருக்கிறேன்.

எச்.ஆர். பெண்மணி இவள் வயிற்றைப் பார்த்ததுமே பதிலைத் தயாராக எடுத்துவிட்டாராம். இவளுக்கு முன்னாலேயே வேறு லைன்களில் இருந்து கர்ப்பிணிகள் சிலர் கைப்பேசியைக் காட்டிச் சட்டம் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான், அந்தச் சட்டம் இன்னும் அமலுக்கு வரவில்லை, வேலைக்குப் போ. கேட்டவர்கள் அசிங்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பியிருக்கிறார்கள். இவளிடமும் அதையே சொன்னார், சட்டம் இன்னும் வரவில்லை, தெரியுமா என்று.

தங்கை மலாயில் பதில் சொன்னாள். அதை வீட்டில் வந்து எங்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

"தெரியும். இன்னும் தேதி போடல. அதச் சொல்லிக் கேக்க வரல. தேதி போடற வரைக்கும் என் பிள்ள உள்ள காத்துட்டு இருக்காது. அதுக்காகக் கேக்கறேன்."

சொல்லிவிட்டு டாக்டர் கடிதத்தை அந்த அம்மாவிடம் நீட்டினாள். கடிதத்தை வாங்கிப் படித்தார். யோசித்துச் சொல்கிறேன், நீ போ என்றார். இவள் போகவில்லை. யோசியுங்கள், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். சாப்பாட்டு நேரமும் போனது. கடைசியில் பேக்கிங் பிரிவில் பகல் ஷிப்ட் எழுதிக் கொடுத்தார்கள், உட்கார்ந்து பார்க்கிற வேலை.

இதை நான் மேனேஜரிடம் சொன்னேன். பெருமைக்குத்தான் சொன்னேன், மறைக்கவில்லை. தெரியாது என்கிற பதிலை வைத்துக்கொண்டு என் தங்கை என்ன செய்தாள் பார்த்தீர்களா பாஸ் என்றேன். பாஸ் என்று கூப்பிட்டதைப் பார்த்தால் உங்களுக்கு இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறதே என்றார். தீரவில்லை என்றேன்.

இன்றைக்கும் தீரவில்லை. அதன் பிறகு ஒரு பெரிய வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. உங்கள் டூல் தேதி கிடைக்கவில்லை என்று அடிக்கடி சொல்கிறது, போட்டிக் கம்பெனியுடைய டூல் அப்படிச் சொல்வதில்லை என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர் அதை எனக்கு அனுப்பி, வரி இருக்கட்டும் அக்கா, பதில் நான் எழுதிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தார். அந்த வாடிக்கையாளர் போய்விட்டார். அடுத்த போனஸ் மெலிந்து வந்தது. சிங்கப்பூரிலிருந்து யார் கேட்டாலும் நான் ஒரே பதில்தான் சொல்கிறேன், அந்த வரியைத் தொடாதீர்கள்.

தங்கைக்குப் பெண் பிறந்தது. இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், என் மடிக்கணினியின் வயரை இழுக்கிறாள், திட்டினால் என்னையே முறைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் திருத்தத்தைப் பற்றி ஏஜெண்டிடம் கேட்டுப் பார்ப்பேன். இன்றைக்கும் கேட்டேன். தேதி கிடைக்கவில்லை என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னது.

இவள் வந்து நிற்கவும் தொடங்கிவிட்டாள். தேதி இன்னும் வரவில்லை.